எட்டுப் பேருக்குத்தான் டிக்கெட்

எங்கள் கல்லூரி பாஸ்கெட்பால் அணியில் பன்னிரண்டு பேர். 1998-ல் கோயம்புத்தூரில் நடந்த ஒரு போட்டிக்குப் பஸ் ஏறியது ஒன்பது பேர். மிச்சம் மூன்று பேரில் நான் ஒருத்தி. பஸ் கட்டணம், தங்குமிடம், மூன்று நாள் சாப்பாடு என்று கணக்குப் போட்டதில் ஒன்பது பேருக்கு மேல் பணம் பெயரவில்லை. பி.டி. மிஸ் எங்கள் மூவரையும் வராந்தாவுக்குக் கூப்பிட்டு, எங்கள் முகத்தைப் பார்க்காமல் விஷயத்தைச் சொன்னார். பிறகு கேன்டீனுக்கு அழைத்துப் போய் ஆளுக்கு இரண்டு பஜ்ஜி வாங்கிக் கொடுத்தார். பஜ்ஜியை மென்றுகொண்டே "பரவாயில்ல மிஸ்" என்று நாங்கள்தான் அவருக்கு ஆறுதல் சொன்னோம்.

போன ஒன்பது பேரும் முதல் ஆட்டத்திலேயே தோற்று மறுநாள் திரும்பிவிட்டார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் சந்தோஷம் இருந்தது என்பதை இத்தனை வருஷம் கழித்தாவது ஒப்புக்கொள்ளலாம்.

இப்போது நான் இருப்பது பென்சில்வேனியாவில், பிலடெல்பியாவுக்கு மேற்கே எக்ஸ்டன் என்ற ஊரில். தமிழ்க் குடும்பங்கள் நிறைய. மகளை டியூஷனுக்கும் ஆட்டத்துக்கும் கொண்டுவிடுகிற வழியில் மால்வர்ன் பக்கம் ஒரு கல்லூரி வரும். இம்மாக்குலேட்டா என்று பெயர். எங்கள் ஊர்ப் பக்கம் இருந்திருந்தால் 'அமலோற்பவ மாதா கல்லூரி' என்று போர்டு மாட்டியிருப்பார்கள். மரியாளின் மாசற்ற இருதய சபைக் கன்னியர் 1920-ல் தொடங்கியது. சிஸ்டர்கள் நடத்திய பெண்கள் கல்லூரி என்றதுமே எனக்கு மணி அடிக்கும் சத்தமும் மெழுகு போட்ட தரையின் வாசனையும் நினைவுக்கு வந்துவிடும். அதனால்தான் அந்தக் கல்லூரியைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். அமெரிக்காவில் பெண்கள் கல்லூரி விளையாட்டுக்கென்று உருவான ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கம் நடத்திய முதல் தேசிய பாஸ்கெட்பால் சாம்பியன்ஷிப்பை வென்றது இந்தக் கல்லூரிதான் என்று அப்போதுதான் தெரிந்தது. 1972, 1973, 1974 என்று தொடர்ந்து மூன்று வருஷம் கோப்பை இங்கேதான் வந்தது.

1972-ல் அவர்கள் அணியில் பதினொரு பேர். தேசியப் போட்டிக்கு விமானம் ஏறியது எட்டுப் பேர். மிச்சம் மூன்று பேருக்குப் பணம் இல்லை. அந்த வரியைப் படித்த இடத்தில் நின்றுவிட்டேன். என்னோடு பஜ்ஜி தின்ற இரண்டு பேரில் ஒருத்தி இப்போது சிங்கப்பூரில் இருக்கிறாள். அவளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். "அந்த மூணு பேருக்கு யாராவது பஜ்ஜி வாங்கிக் குடுத்தாங்களாமா?" என்று கேட்டிருந்தாள்.

அன்றைக்கு நிலைமை எப்படி இருந்தது என்று தெரிந்தால்தான் அந்த எட்டுப் பேர் செய்த காரியம் புரியும்.

பாஸ்கெட்பால் 1891-ல் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நைஸ்மித் கண்டுபிடித்த ஆட்டம். அடுத்த ஓரிரு வருஷத்துக்குள் பக்கத்திலேயே ஸ்மித் பெண்கள் கல்லூரியில் சென்டா பெரன்சன் என்ற ஆசிரியை அதைப் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். ஆனால் பெண்பிள்ளைகள் மூச்சுவாங்க ஓடக்கூடாது, மோதிக்கொள்ளக்கூடாது என்று மைதானத்தை மூன்று கட்டங்களாகப் பிரித்துவிட்டார். அவரவர் கட்டத்துக்குள்தான் ஆட வேண்டும். சுண்ணாம்பில் போட்ட லட்சுமணன் கோடு. பின்னாளில் மூன்று கட்டம் இரண்டானது. அணிக்கு ஆறு பேர், மூன்று பேர் பந்தைப் போடுகிறவர்கள், மூன்று பேர் தடுக்கிறவர்கள். தடுக்கிற பக்கம் மாட்டிக்கொண்டவள் தன் ஆட்ட வாழ்க்கை முழுவதும் ரிங்கைப் பார்த்து ஒரு பந்துகூடப் போட்டிருக்க மாட்டாள். இந்த விதியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தி, ஐந்து பேர் முழு மைதானத்திலும் ஓடி ஆடலாம் என்று கல்லூரி ஆட்டத்தில் முறைப்படி ஆனது 1971-ல். நிலாவில் மனிதன் இறங்கி இரண்டு வருஷம் கழித்து.

அதே 1971-ல்தான் அந்த ஏ.ஐ.ஏ.டபிள்யூ. சங்கம் உருவானது. ஆண்களின் விளையாட்டை நடத்திவந்த என்.சி.ஏ.ஏ. அப்போது பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை. அதற்கும் முன்னால், 1969-ல், வெஸ்ட் செஸ்டர் ஸ்டேட் கல்லூரியின் பயிற்சியாளர் கரோல் எக்மன் தன் முயற்சியில் பதினாறு அணிகளை அழைத்து ஒரு தேசியப் போட்டியை நடத்தினார். அதில் வெஸ்ட் செஸ்டரே வென்றது. வெஸ்ட் செஸ்டர் எங்கே இருக்கிறது என்கிறீர்கள்? இம்மாக்குலேட்டாவிலிருந்து காரில் அரை மணி நேரம்கூட ஆகாது. நாங்கள் மளிகை வாங்கப் போகிற தூரம். உடற்கல்வி ஆசிரியைகளை உருவாக்குவதற்கே பேர் போன அரசுக் கல்லூரி அது. கூடம், கருவி, ஆட்கள் எல்லாம் இருந்தன.

இம்மாக்குலேட்டாவில் கூடம் இல்லை. இருந்ததும் 1967-ல் தீப்பிடித்து எரிந்துவிட்டது. சபையில் சேரப் பயிற்சி பெறும் இளம் கன்னியருக்கான கட்டடத்தில் இருந்த சின்னக் கூடத்தில்தான் பயிற்சி. ஆட்டமெல்லாம் அடுத்தவர் ஊரில். சீருடையோ மடிப்பு மடிப்பான கம்பளி டியூனிக், உள்ளே பிளவுஸ், கீழே தொளதொள நிஜார். எங்கள் காலத்தில் நாங்கள் சுடிதார் பேன்ட்டோடு ஆடினோம், பக்கத்துக் கல்லூரிப் பையன்கள் மதில் மேல் உட்கார்ந்து சிரிப்பார்கள். ஆனாலும் பருத்தி. வேர்வையில் நனைந்த கம்பளியைப் போட்டுக்கொண்டு ஆட்டம் முழுக்க ஓடுவதை நினைத்தாலே எனக்குக் கழுத்து அரிக்கிறது.

1970-ல் கேத்தி ரஷ் என்ற இருபத்து மூன்று வயதுப் பெண்ணைப் பயிற்சியாளராகச் சேர்த்தார்கள். சம்பளம் 450 டாலர். மாதத்துக்கு அல்ல, வருஷத்துக்கு. அவர் படித்தது வெஸ்ட் செஸ்டரில். கணவர் எட் ரஷ், தொழில்முறை என்.பி.ஏ. ஆட்டங்களுக்கு நடுவர். அதனால் வீட்டிலும் பேச்செல்லாம் பாஸ்கெட்பால்தான். அன்றைக்குப் பெண்கள் ஆட்டத்தில் யாரும் பெரிதாகப் பயன்படுத்தாத வித்தைகளை, அதாவது மைதானம் முழுக்க நெருக்கிப் பிடிப்பது, ஒருத்தி மறைத்து நிற்க இன்னொருத்தி விலகி ஓடுவது, பந்து கிடைத்ததும் எதிராளி சுதாரிப்பதற்குள் பாய்வது என்று ஆண்கள் ஆடுவதையெல்லாம் தன் பெண்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். இந்தக் கதையைச் சொல்கிற எல்லாரும் அற்புதம் என்றே சொல்கிறார்கள். ஏழைக் கல்லூரி, ஜெபிக்கும் கன்னியர், எரிந்த கூடம், எதிர்பாராத வெற்றி. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஜெபமாலை உருட்டினால் ரிங்கில் பட்டுத் தெறிக்கிற பந்து கைக்கு வந்துவிடுமா என்ன? பிலடெல்பியாவின் கத்தோலிக்கக் குடும்பங்களில் பெண்பிள்ளைகள் சின்ன வயதிலிருந்தே பங்குக் கோயில் அணிகளிலும், அண்ணன் தம்பியோடு தெருவிலும் பாஸ்கெட்பால் ஆடி வளர்ந்தவர்கள். நகரத்துக் கத்தோலிக்கப் பெண்கள் பள்ளிகளுக்கு இடையே நடந்த லீக் ஆட்டங்களுக்குக் கூட்டம் அலைமோதும். அந்தப் பள்ளிகள் பலவற்றில் பாடம் சொன்னவர்கள் இதே சபைக் கன்னியர். அதனால் சிஸ்டர்களுக்கும் ஆட்டம் அத்துப்படி. கல்லூரித் தலைவியாக இருந்த சிஸ்டரே இளமையில் ஆடியவர். பதினைந்து வருஷம் ஆடிப் பழகிய பெண்களும் ஆட்டம் தெரிந்த ஒரு பயிற்சியாளரும் ஒரே இடத்தில் சேர்ந்தார்கள். ஆட்டமே தெரியாத தேசத்தில் திடீரென்று முளைத்தவர்கள் இல்லை இவர்கள்.

ஒரே ஒரு தற்செயல் உண்டு. அணியின் தூண் தெரசா ஷேங்க், உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். அவர் வேறொரு கல்லூரிக்குப் போவதாக இருந்தார். அந்தச் சமயத்தில் அவர்கள் வீடு தீப்பற்றி எரிந்தது. வெளியூர் போய்ப் படிக்க வழியில்லாமல், வீட்டிலிருந்தே போய்வரக்கூடிய இம்மாக்குலேட்டாவில் சேர்ந்தார். கல்லூரியின் கூடத்தை எரித்த தீ ஒன்று, அந்தக் கல்லூரிக்கு ஷேங்கைக் கொண்டுவந்து சேர்த்த தீ இன்னொன்று.

1972 மார்ச். வட்டாரப் போட்டியின் இறுதியில் இம்மாக்குலேட்டாவை வெஸ்ட் செஸ்டர் 70-38 என்று புரட்டி எடுத்தது. முப்பத்திரண்டு புள்ளி வித்தியாசம். அதற்கு மறுவாரம் இல்லினாய் மாநிலத்தில், நார்மல் என்ற ஊரில் தேசியப் போட்டி. பதினாறு அணிகள், தரவரிசையில் இம்மாக்குலேட்டா பதினைந்தாவது. போகப் பணம் இல்லை. மாணவிகள் டூத்பிரஷ் விற்றுக் காசு சேர்த்தார்கள். (நாங்கள் ஒருமுறை லாட்டரிச் சீட்டு மாதிரி கூப்பன் அச்சடித்து விற்றோம், முதல் பரிசு ஒரு பிளாஸ்க்.) அப்படியும் எட்டுப் பேருக்குத்தான் பணம் தேறியது. அதுவும் இடம் காலி இருந்தால் ஏற்றிக்கொள்வார்களே, அந்த ஸ்டாண்ட்பை டிக்கெட்டில்.

ஐந்து பேர் ஆடினால் பெஞ்சில் மூன்று பேர். மூன்றே நாளில் நான்கு ஆட்டம். ஒருத்திக்குக் கணுக்கால் பிசகினாலோ, இன்னொருத்தி ஃபவுல் வாங்கி வெளியே வந்தாலோ கதை முடிந்தது. முதல் இரண்டு ஆட்டத்தையும் தாண்டினார்கள். அரையிறுதியில் முந்தைய வருஷச் சாம்பியன் மிசிசிப்பி ஸ்டேட் மகளிர் கல்லூரி, அதையும் தாண்டினார்கள். இறுதிப் போட்டியில் எதிரே வந்து நின்றது யார் என்று நினைக்கிறீர்கள்? பக்கத்து ஊர் வெஸ்ட் செஸ்டரேதான். ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து போய், வீட்டுக்கு அடுத்த தெருக்காரியோடு கோப்பைக்கு ஆட வேண்டியதாயிற்று.

52-48. இம்மாக்குலேட்டா வென்றது.

ஒரு வாரத்துக்கு முன்னால் எழுபது புள்ளி விட்டுக்கொடுத்த அதே அணிக்கு இப்போது நாற்பத்தெட்டு மட்டுமே கொடுத்தது எப்படி? நான் ஆடிய கொஞ்சநஞ்ச ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். அப்படித் தோற்ற மறுவாரம் அதே அணியோடு மோதக் கிடைப்பது ஒருவகையில் வரம். அவளுடைய ஒவ்வொரு அசைவும் உடம்பில் பதிந்திருக்கும். எந்தப் பக்கம் திரும்புவாள், எப்போது ஷாட் எடுப்பாள் என்பதெல்லாம் ராத்திரி படுத்துக் கண்ணை மூடினாலும் ஓடும். ஜெயித்தவர்களுக்கு அது ஓடாது, அவர்கள் நன்றாகத் தூங்கியிருப்பார்கள். திரும்பி வந்தபோது பிலடெல்பியா விமான நிலையத்தில் பெரிய கூட்டமே காத்திருந்தது. போகாத அந்த மூன்று பேரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்களா என்று எங்கும் எழுதவில்லை. இருந்திருப்பார்கள். நானாக இருந்தால் போயிருப்பேன், கைதட்டியிருப்பேன், வீட்டுக்கு வந்து ஒரு மூலையில் உட்கார்ந்திருப்பேன்.

அதற்குப் பிறகு ஊரே அவர்கள் பின்னால் நின்றது. ஆட்டக்காரிகளில் ஒருத்தியான ரெனே முத்தின் அப்பா இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து தகர வாளிகளையும் மரக்குச்சிகளையும் அள்ளிக்கொண்டு வந்து பார்வையாளர் வரிசையில் கொடுத்துவிட்டார். முக்காடும் நீள அங்கியும் அணிந்த சிஸ்டர்கள் வரிசையாக உட்கார்ந்து வாளியைத் தட்டுவதைக் கற்பனை செய்து பாருங்கள். தகரத்தில் மரக்குச்சி பட்டால் வருகிற சத்தம் மூடிய கூடத்துக்குள் எப்படி அதிரும்! எங்கள் ஹாஸ்டல் பெண்கள் எவர்சில்வர் தட்டையும் ஸ்பூனையும் கொண்டுவருவார்கள். ஒருதடவை தட்டு நெளிந்துபோய் மெஸ்ஸில் பெரிய பஞ்சாயத்து. எங்கள் சிஸ்டர்கள் மேல்மாடி வராந்தாவில் நின்று, கையை அங்கிக்குள் மறைத்துக்கொண்டு பார்ப்பார்கள். கூடை விழுந்தால் முகத்தில் மட்டும் ஒரு சின்ன மாற்றம். அவர்கள் கையில் ஒரு வாளியைக் கொடுத்திருக்க வேண்டும்.

1973-ல் ஓர் ஆட்டத்தில்கூடத் தோற்கவில்லை. நியூயார்க்கில் குவீன்ஸ் கல்லூரியில் தேசியப் போட்டி நடந்தது. அரையிறுதியில் சதர்ன் கனெக்டிகட் அணியிடம் கிட்டத்தட்ட முடிந்துவிட்டது. ஆட்டம் முடிய மூன்றே நிமிஷம் இருக்கையில் பன்னிரண்டு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். அன்றைக்கு மூன்று புள்ளிக் கோடு கிடையாது, நினைவிருக்கட்டும். கூடைக்கு இரண்டு என்றே எட்டிப்பிடிக்க வேண்டும். எட்டிப்பிடித்தார்கள். கடைசி நொடியில் ரிங்கில் பட்டுத் தெறித்த பந்தை ஷேங்க் விரல் நுனியால் தள்ளி உள்ளே விட்டார். 47-45. இறுதியில் குவீன்ஸ் கல்லூரியை அவர்கள் கூடத்திலேயே 59-52 என்று வென்றார்கள். 1974-ல் கன்சாஸில், மிசிசிப்பி கல்லூரியை 68-53. அது கொஞ்சம் சுலபமாகவே முடிந்தது.

1975 ஜனவரி 26-ல் மேரிலாண்ட் பல்கலைக்கழகத்தோடு ஆடியது, தேசிய அளவில் தொலைக்காட்சியில் காட்டப்பட்ட முதல் பெண்கள் கல்லூரி பாஸ்கெட்பால் ஆட்டம். சிஸ்டர்களின் சின்னக் கல்லூரி 80, மேரிலாண்ட் 48. அடுத்த மாதம் 22-ம் தேதி நியூயார்க்கின் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் குவீன்ஸ் கல்லூரியோடு ஆட்டம். அந்த அரங்கில் பெண்கள் கல்லூரி அணிகள் ஆடியது அதுவே முதல் தடவை. பார்க்க வந்தவர்கள் கிட்டத்தட்ட 12,000 பேர். இம்மாக்குலேட்டா 65-61 என்று வென்றது. ஐந்து வருஷத்துக்கு முன்னால் வருஷச் சம்பளம் 450 டாலருக்குச் சேர்ந்த அதே கேத்தி ரஷ்தான் அன்றைக்கும் பயிற்சியாளர்.

அந்த மார்ச்சிலேயே கொடி இறங்க ஆரம்பித்தது. இறுதிப் போட்டியில் மிசிசிப்பியின் டெல்டா ஸ்டேட் 90-81 என்று இம்மாக்குலேட்டாவைத் தோற்கடித்தது. மறுவருஷமும் அதே இறுதி, அதே எதிரி, 69-64. டெல்டா ஸ்டேட்டின் ஆறடி மூன்று அங்குல லூசியா ஹாரிஸைத் தடுக்க இம்மாக்குலேட்டாவில் ஆளில்லை, உண்மையில் அமெரிக்காவில் எந்த அணியிலும் ஆளில்லை. 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக்கில் பெண்கள் பாஸ்கெட்பால் முதன்முதலாகச் சேர்க்கப்பட்டபோது முதல் கூடையைப் போட்டவர் அவர்தான்.

டெல்டா ஸ்டேட்டின் பயிற்சியாளர் மார்கரெட் வேடின் கதையைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை. 1930-களின் தொடக்கத்தில் அவர் அதே கல்லூரியில் ஆடிக்கொண்டிருந்தவர். பெண்களுக்கு இந்த ஆட்டம் ரொம்பக் கடினம் என்று நிர்வாகம் திடீரென்று அணியைக் கலைத்துவிட்டது. பெண்கள் அழுதார்கள், தங்கள் சீருடைகளைக் கொளுத்தினார்கள். நாற்பது வருஷம் கழித்து, 1973-ல், கல்லூரி அணியைத் திரும்பத் தொடங்கியபோது பயிற்சியாளராக அவரையே கூப்பிட்டது. அறுபது வயது. வந்து இரண்டாவது வருஷமே தோல்வியில்லாமல் தேசியச் சாம்பியன், அப்புறம் இன்னும் இரண்டு கோப்பை. இம்மாக்குலேட்டாவின் ஆட்சியை முடித்தது இந்த அம்மா என்பதால் எனக்குக் கோபம் வரமாட்டேன் என்கிறது.

ஆனால் சின்னக் கல்லூரிகளை நிஜமாகத் தோற்கடித்தது ஒரு சட்டம். வேடிக்கை என்னவென்றால் அது நல்ல சட்டம். முதல் கோப்பை வந்து மூன்று மாதம் கழித்து, 1972 ஜூன் 23-ல் 'டைட்டில் நைன்' கையெழுத்தானது. அரசுப் பணம் வாங்கும் எந்தக் கல்வி நிலையமும் ஆண் பெண் என்று பாகுபாடு காட்டக்கூடாது என்கிற சட்டம். விளையாட்டு என்ற சொல்லே அதன் முக்கிய வாசகத்தில் இல்லை. ஆனால் பெரிய பல்கலைக்கழகங்கள் கொஞ்சம் கொஞ்சமாக விழித்துக்கொண்டன. பெண்கள் அணிக்கும் பணம், கூடம், முழுநேரப் பயிற்சியாளர் கொடுத்தாக வேண்டும். முதலில் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதை ஏ.ஐ.ஏ.டபிள்யூ. தடை செய்திருந்தது. 1973-ல் ஃப்ளோரிடாவிலிருந்து டென்னிஸ் ஆடும் பெண்கள் வழக்குப் போட, அந்தத் தடையும் போனது. நன்றாக ஆடுகிற பெண்ணுக்கு ஒரு பக்கம் இலவசப் படிப்பும் பெரிய அரங்கமும், இன்னொரு பக்கம் டூத்பிரஷ் விற்று டிக்கெட் எடுக்கும் கல்லூரி. எந்த அப்பா அம்மாவும் எதைத் தேர்ந்தெடுப்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. என் மகளுக்கு அப்படி வந்தால் நானும் அதைத்தான் செய்வேன்.

1977-ல் அரையிறுதியோடு நின்றார்கள். கேத்தி ரஷ் அந்த வருஷம் விலகினார். ஏழு வருஷக் கணக்கு: 149 வெற்றி, 15 தோல்வி. அதற்குப் பிறகு இம்மாக்குலேட்டா தேசிய அளவில் தலைகாட்டவே இல்லை.

ஆட்டக்காரிகள் தலைகாட்டினார்கள். 1982 மார்ச் 28 என்ற ஒரே நாளை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்கள் விளையாட்டில் காசு வரும் என்று தெரிந்ததும் என்.சி.ஏ.ஏ. தானும் ஒரு பெண்கள் சாம்பியன்ஷிப்பைத் தொடங்கியிருந்தது. அதன் முதல் இறுதிப் போட்டி அன்று விர்ஜீனியாவில். லூசியானா டெக்கிடம் தோற்ற அணி செய்னி ஸ்டேட். கறுப்பின மாணவர்களுக்கான பழைய கல்லூரி, அதுவும் எங்கள் பக்கத்துக் கல்லூரிதான், வெஸ்ட் செஸ்டரைத் தாண்டினால் வரும். பயிற்சியாளர் விவியன் ஸ்ட்ரிங்கர். அதே நாளில் பிலடெல்பியாவில் ஏ.ஐ.ஏ.டபிள்யூ.வின் கடைசி இறுதிப் போட்டி. டெக்சாஸை 83-77 என்று வென்றது ரட்கர்ஸ். அதன் பயிற்சியாளர் தெரசா கிரென்ட்ஸ், அதாவது கல்யாணத்துக்கு முன் தெரசா ஷேங்க். அந்தச் சங்கத்தின் முதல் கோப்பையை ஆட்டக்காரியாகத் தூக்கியவர், கடைசிக் கோப்பையைப் பயிற்சியாளராகத் தூக்கினார். சங்கம் அத்தோடு படுத்துவிட்டது.

அதே இம்மாக்குலேட்டா அணியில் ஆடிய மேரியன் கிராஃபோர்ட் கல்யாணத்துக்குப் பிறகு மேரியன் ஸ்டான்லி ஆகி, ஓல்ட் டொமினியன் கல்லூரிக்கு 1979, 1980, 1985 என்று மூன்று தேசியக் கோப்பை வாங்கிக்கொடுத்தார். பிறகு கலிஃபோர்னியாவில் ஒரு பெரிய பல்கலைக்கழகத்தில் ஆண்கள் அணிப் பயிற்சியாளருக்குத் தரும் சம்பளம் தனக்கும் வேண்டும் என்று கேட்டார். வேலை போனது. வழக்குப் போட்டார், அதிலும் தோற்றார். வாளி கொண்டுவந்த அப்பாவின் மகள் ரெனே, ரெனே போர்ட்லண்ட் என்ற பெயரில் பென் ஸ்டேட் அணியை 1980-லிருந்து இருபத்தேழு வருஷம் நடத்தினார். தன் அணியில் லெஸ்பியன்களுக்கு இடமில்லை என்று வெளிப்படையாகவே சொன்னவர். அதை எதிர்த்து ஒரு மாணவி தொடுத்த வழக்கு சமரசமானதும் 2007-ல் பதவி விலகினார். இம்மாக்குலேட்டா கதையை இனிப்பாகச் சொல்கிறவர்கள் இந்தப் பக்கத்தை அவசரமாகப் புரட்டிவிடுவார்கள். எனக்கு அப்படிப் புரட்டத் தோன்றவில்லை. கோட்டைத் தாண்டி ஓட அனுமதி கிடைத்த முதல் தலைமுறைப் பெண் ஒருத்தி, மற்றப் பெண்களுக்கு இன்னொரு கோடு போட்டார்.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. 1972-ல், எல்லா விளையாட்டுகளையும் சேர்த்து, கல்லூரிப் பெண்கள் அணிகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் பெண்களே பயிற்சியாளர்கள். சம்பளம் ஏறியதும் ஆண்கள் வந்தார்கள். இன்று பெண் பயிற்சியாளர்கள் பாதிக்கும் குறைவு. வருஷத்துக்கு 450 டாலராக இருந்தவரை அந்த வேலைக்குப் போட்டி இல்லை.

இம்மாக்குலேட்டாவில் 2005 முதல் ஆண்களும் படிக்கிறார்கள். அந்தப் பழைய அணியை முழு அணியாகவே 2014-ல் பாஸ்கெட்பாலின் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்துக் கௌரவித்தார்கள். கேத்தி ரஷ்ஷை 2008-லேயே சேர்த்தாகிவிட்டது. பெண்கள் அணி இப்போது உதவித்தொகை இல்லாத மூன்றாம் பிரிவில் ஆடுகிறது.

போன குளிர்காலத்தில் ஒரு வார நாள் சாயங்காலம் மகளைக் கூட்டிக்கொண்டு அங்கே ஓர் ஆட்டம் பார்க்கப் போனேன். வெளியே பனி, உள்ளே ரப்பர் ஷூக்கள் தரையில் கிறீச்சிடும் சத்தம். பார்க்க வந்தவர்களை உட்கார்ந்த இடத்திலிருந்தே எண்ணிவிடலாம், பெரும்பாலும் ஆடுகிறவர்களின் அப்பா அம்மா. எனக்குப் பழக்கதோஷம், எங்கே போனாலும் முதலில் பெஞ்சைப் பார்ப்பேன். கடைசி நாற்காலியில் ஒல்லியாக ஒரு பெண் முழங்கால் மேல் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொரு டைம்அவுட்டுக்கும் முதல் ஆளாக எழுந்து தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டினாள். முதல் பாதி முடிந்தது, அவளை ஆட்டத்தில் இறக்கவில்லை. மூன்றாவது குவார்ட்டரும் அப்படியே. "நீ ஸ்கோரே பாக்கலையே அம்மா" என்றாள் மகள்.

ஆட்டம் கைவிட்டுப் போய், முடிய இரண்டு நிமிஷம் சொச்சம் இருக்கும்போது பயிற்சியாளர் அவளைப் பார்த்துத் தலையசைத்தார். துண்டு கீழே விழுந்ததைக்கூடப் பார்க்காமல் ஓடி வந்தாள். யாரோ தவறவிட்ட பந்து ரிங்கில் பட்டு அவள் பக்கம் தெறித்தது. இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒரு நொடி என்ன செய்வதென்று தெரியாமல் நின்று, அப்புறம் போட்டாள். பலகையில் பட்டு உள்ளே இறங்கியது. நான் எழுந்து நின்று முன்வரிசை இரும்புக் கம்பியைத் தட்டிக்கொண்டிருக்கிறேன் என்பது, மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

"அம்மா, உக்காரு. எல்லாரும் பாக்குறாங்க."